அக்கிக்கு மந்திரிக்கப் போய் 1,690 டாலரும் ஒன்பது நாளும் விட்ட கதை

எங்க கராஜ்ல ஒரு வட்ட போர்டு சாத்தி வச்சிருக்கு. ரெண்டடி அகலம், நடுவுல ஆறு இதழ் பூ, ரெண்டு பக்கமும் மஞ்சக் குருவி. வர்றவங்க எல்லாம் அழகா இருக்கே எங்க வாங்குனீங்கன்னு கேப்பாங்க. 480 டாலர்னு சொன்னா சிரிப்பாங்கன்னு இப்பல்லாம் சொல்றதே இல்ல. அந்த 480ஐயும் சேத்து மொத்தம் 1,690 டாலர் முகம் பாக்காத ஒரு ஆளுக்கு அனுப்பியிருக்கேன். காசு கூட பரவால்ல, சம்பாதிச்சுக்கலாம். அந்த ஆள் பேச்சைக் கேட்டு டாக்டர்ட்ட போகாம விட்ட ஒன்பது நாள் இருக்கே, அதுக்கு நான் ஏழு மாசம் வலிய அனுபவிச்சேன். யாராவது ஒருத்தர் முன்னாடியே சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பேன்னு தோணுச்சு, அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நாங்க இருக்கறது பென்சில்வேனியாவுல, ஆலன்டவுன் பக்கம். 2024 மே கடைசியில கம்பெனியில ஆளைக் குறைச்சாங்க, அதுல நானும் ஒருத்தன். எச்1பி வேலை விசா, அறுபது நாளுக்குள்ள வேற வேலை பிடிக்கணும். இன்சூரன்ஸ் மே 31ஓட முடிஞ்சுது. ஜூன் ரெண்டாவது வாரம் பசங்களுக்கு லீவு, ஈரோட்டுக்கு டிக்கெட் ஜனவரிலயே போட்டு வச்சது, கேன்சல் பண்ணா பாதி காசு போயிடும். நீங்க போயிட்டு வாங்க நான் பாத்துக்கறேன்னு மனைவியையும் பசங்களையும் ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்தேன். அன்னைக்கு ராத்திரியே வலது பக்க விலாவுல ஒரு எரிச்சல். சூட்கேஸ் தூக்குனதுல பிடிச்சிருக்கும்னு தைலம் தேச்சுட்டு படுத்துட்டேன். சட்டை உரசுனாலே சுரீர்னுது. மூணாவது நாள் முதுகுல இருந்து நெஞ்சு வரைக்கும் ஒரு பக்கம் மட்டும் பட்டையா செவந்து, கொத்துக் கொத்தா கொப்புளம்.

வீடியோ கால்ல அம்மாட்ட காமிச்சேன். பாத்த உடனே சொல்லிட்டாங்க, "அக்கி கண்ணு இது. வேளார் வீட்டுக்குப் போய் எழுதிட்டு வந்தா எறங்கிடும்"னு. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. சின்ன வயசுல எங்க தாத்தாவுக்கு அக்கி வந்தப்ப பானை செய்யுறவர் வீட்டுல காவி மண்ணைக் கரைச்சு கொப்புளத்தைச் சுத்தி பூசி, சிங்கம் மாதிரி ஒரு உருவம் எழுதினது இன்னும் கண்ணுல நிக்குது. அக்கினிதான் அக்கி ஆயிடுச்சும்பாங்க அம்மா. பென்சில்வேனியாவுல வேளாருக்கு எங்க போறது? சிரிச்சுட்டு போனை வச்சிருந்தா கதை அங்கயே முடிஞ்சிருக்கும். ஆனா எனக்கு அப்பத்தான் பழைய ஆபீஸ்ல ஒரு கலீக் சொன்னது ஞாபகம் வந்துச்சு. அவன் பாட்டி கை சுட்டுக்கிட்டா வாயால ஊதி ஏதோ முணுமுணுப்பாங்களாம், எரிச்சல் நின்னுடுமாம். அவன் சொன்ன வார்த்தை பவ்வாவ்.

இங்க கொஞ்சம் நிறுத்தி இந்த ஊர் சமாச்சாரத்தை சொல்லிடறேன், இல்லன்னா பின்னாடி வர்றது புரியாது. பவ்வாவ்ங்கறது இங்க இருக்கற பென்சில்வேனியா டச்சு ஆளுங்களோட வழக்கம். டச்சுன்னா ஹாலந்துக்காரங்க இல்ல. ஜெர்மன் பேசுற ஊர்கள்ல இருந்து, முக்கியமா ரைன் ஆத்துப் பக்கம் பாலட்டினேட்ல இருந்து, 1683ல ஆரம்பிச்சு 1700கள் முழுக்க கப்பல் கப்பலா வந்தவங்களோட சந்ததி. அவங்க பாஷையில அவங்க பேரு டைச், அதுதான் டச்சுன்னு ஆயிடுச்சு. எல்லாரும் குதிரை வண்டி ஓட்டுற ஆமிஷ்னு நான் பத்து வருஷமா நெனச்சுட்டு இருந்தேன், அதுவும் தப்பு, ஆமிஷ் அதுல சின்ன கூட்டம், பெரும்பாலானவங்க லூத்தரன், ரிஃபார்ம்டு சர்ச் ஆளுங்க. தானியக் கொட்டகை செவுத்துல பெரிய பெரிய நட்சத்திரம் எழுதுனதும் இவங்கதான், ஆமிஷ் இல்ல. இவங்ககிட்ட மந்திரிக்கிற பழக்கம் ஒண்ணு காலங்காலமா இருக்கு, அதுக்கு ப்ரௌக்கெரைன்னு பேரு, இங்கிலீஷ்ல பவ்வாவ். மந்திரிக்கறவர் ப்ரௌக்கர். ரத்தம் நிக்க, தீக்காயம் எரியாம இருக்க, மரு உதிர, தோல்ல தீ மாதிரி பரவுற செவப்புக்கு, இப்படி ஒவ்வொண்ணுக்கும் ஒரு மந்திரம். கேட்டா நம்மூரு பாட்டி வைத்தியமும் வேப்பிலை அடிக்கறதும் சேந்த மாதிரி இருக்கும், ஆனா மந்திரம் பூராவும் பிதா சுதன் பரிசுத்த ஆவி பேர்ல சொல்ற கிறிஸ்துவ மந்திரம்.

இதுல இருந்து கிளைச்சதுதான் ஊர்க்லாவே. அவங்க பாஷையில 'ஊர்'னா ஆதி, 'க்லாவே'ன்னா நம்பிக்கை. நம்ம காதுக்கு ஊர்னு கேக்கறதால எனக்கு முதல் நாள்லயே ஒரு ஒட்டுதல் வந்துடுச்சுன்னு வைங்க. கிறிஸ்துவத்துக்கு முந்தின ஜெர்மானிய தெய்வங்களை இப்ப திரும்பவும் கும்பிடுற ஆளுங்க உலகம் பூரா இருக்காங்க, ஹீத்தன்னு சொல்லிக்குவாங்க. நெறைய பேரு ஐஸ்லாந்து பழைய நூல்களைப் பிடிச்சுக்குவாங்க. இவங்க என்னடான்னா எங்களுக்கு ஐஸ்லாந்து எதுக்கு, எங்க பாட்டிங்க கதைலயும் தோட்டத்துலயும் கொட்டகைலயுமே பழசு மிச்சம் இருக்குன்னு, டைச் நாட்டுப்புற வழக்கத்துல இருந்து கட்டி எழுப்புனாங்க. ராபர்ட் ஷ்ரைவர்ங்கறவர்தான் இதுல முன்னோடி, இந்த நூற்றாண்டுல உருவானது. ஹோலேன்னு ஒரு பெண் தெய்வம் முக்கியம். ப்ளூ மவுண்டன் மேல ராத்திரி நாய்ங்க குலைக்கிற சத்தத்தோட வானத்துல போற நித்திய வேட்டைக்காரன்னு ஒரு கதை இருக்கு, அதைக் கேட்டப்ப ராத்திரி குதிரையேறி ஊர் சுத்துற ஐயனார்தான் எனக்கு ஞாபகம் வந்தாரு.

ஆனா இதெல்லாம் நான் பின்னாடி தெரிஞ்சுக்கிட்டது. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தெரிஞ்சது பவ்வாவ்ங்கற ஒரு வார்த்தை மட்டும். தேடுனேன், ஒரு ஆள் சிக்குனான். ஏழாவது தலைமுறை ஹெக்ஸ் மாஸ்டராம் (ஹெக்ஸ்னா சூனியம்), ஊர்க்லாவே பூசாரியாம், அப்பா பையனுக்கு அப்பா பையனுக்குன்னு கை மாறி வந்த வித்தையாம். டிஸ்டன்ஸ் ஹீலிங் உண்டு, போட்டோ அனுப்புனா போதும். பேசிப் பாக்க 60 டாலர், கார்டுல கட்டுனேன். நல்லா பேசுனான்ங்க. வேலை போனது, குடும்பம் ஊர்ல இருக்கறது, ஒண்ணு விடாம பொறுமையா கேட்டான். மூணு நாளா ரெக்ரூட்டர் தவிர யாருமே எங்கிட்ட பேசல, எவனோ ஒருத்தன் நாப்பது நிமிஷம் உக்காந்து என் கதையைக் கேக்குறான்னா எனக்கு அழுகையே வந்துடுச்சு. அந்த எடத்துலயே நான் விழுந்துட்டேன்.

அடுத்த நாள் ஹிம்மல்ஸ்ப்ரீஃப்னு ஒண்ணு வேணும்னான். சொர்க்கத்துல இருந்து வந்த கடுதாசின்னு அர்த்தம், வீட்டுல மாட்டி வச்சா தீ, வியாதி அண்டாதுன்னு நம்பிக்கை. நிஜமாவே இருக்கற பழைய வழக்கம்தான், முதல் உலகப் போர்ல சிப்பாய்ங்க கூட பாக்கெட்ல வச்சுட்டு போயிருக்காங்க. கையால எழுதித் தர்றேன்னு 250 வாங்கிட்டு பிடிஎஃப் ஒண்ணு அனுப்புனான். அதுல இருந்த மந்திரம் எல்லாம் 1820ல ரெடிங் ஊர்ல யோஹான் கேயார்க் ஹோமன் போட்ட மந்திரப் புத்தகத்துல இருந்து அப்படியே சுட்டது. காப்பிரைட் எப்பவோ போன புத்தகம், இன்டர்நெட்ல முழுசா சும்மா கெடைக்குது. அப்ப எனக்குத் தெரியாது. அதனால முதல்ல ஒண்ணு சொல்லிக்கறேன், யாராவது எங்க குடும்ப ரகசிய மந்திரம்னு எதையாவது வித்தா அதுல ரெண்டு வரியை எடுத்து தேடிப் பாருங்க, ரெண்டு நிமிஷம்தான் ஆகும்.

அதுக்கப்பறம் ஹெக்ஸ் சைன், அந்தக் கொட்டகை நட்சத்திரம் மாதிரி வட்டமா வரையற சின்னம். அதான் கராஜ்ல இருக்கற போர்டு. உங்க ஜாதகத்துக்குன்னே வரையறதுன்னு 480. அஞ்சாவது நாள் கொப்புளம் இன்னும் பரவுது, ராத்திரி தூக்கமே இல்ல, ஃபேன் காத்து பட்டாலே ஊசி ஏத்துற மாதிரி வலி. டாக்டர்ட்ட போகட்டுமான்னு கேட்டேன். போனா நான் செஞ்ச வேலை உடைஞ்சுடும், மாத்திரை வியாதியை உள்ள அமுக்கிடும்னான். இன்சூரன்ஸும் இல்லாததால அது எனக்கு சௌகரியமாவும் இருந்துச்சு, அதையும் ஒத்துக்கணும். ஆறாவது நாள்தான் பெரிய குண்டு. உங்களுக்கு வந்தது வியாதி இல்ல, யாரோ ஏவி விட்டது, கிட்டத்துலயே இருக்கற வயசான ஆம்பள, உங்க வீட்டு எல்லையைத் தினமும் பாக்கறவர்னான். பக்கத்து வீட்டு பெரியவர்தான் உடனே மனசுக்கு வந்தாரு. நாங்க ஊருக்குப் போனா எங்க லெட்டர் எல்லாம் எடுத்து வச்சு தர்ற மனுஷன், எங்க புல்லையும் சேத்து வெட்டி விடுவாரு. அவர் காலைல கை ஆட்டுனா நான் ஜன்னல் கர்ட்டனை இழுத்து விட ஆரம்பிச்சேன். பதினாலு வருஷம் சாஃப்ட்வேர்ல குப்பை கொட்டுன ஆளு நான், சொல்லவே வெக்கமா இருக்கு. ஏவலை எடுக்க 900. இதையும் ஸெல்லேல அனுப்பு, கார்டு வேணாம்னான். ஸெல்லேன்னா பேங்க் கணக்குல இருந்து நேரா இன்னொருத்தர் கணக்குக்கு பணம் அனுப்பற வழி. அனுப்புனேன்.

இந்த எடத்துல ஒரு பழைய கேஸை சொல்லியே ஆகணும், ஏன்னா நான் போன பாதை எவ்வளவு பழைய பாதைன்னு அது காட்டுது. 1928ல இதே பென்சில்வேனியாவுல யார்க் கவுண்டியில ஜான் ப்ளைமயர்னு ஒருத்தர், உடம்பு தேறவே மாட்டேங்குதுன்னு மந்திரிக்கறவங்களைத் தேடி அலைஞ்சவர். அவரும் மந்திரிக்கறவர்தான். உனக்கு ஏவுனது நெல்சன் ரேமயர்தான்னு குறி சொல்ற ஒரு அம்மா பேரைச் சொல்லிட்டாங்க. ரேமயரும் ஒரு ப்ரௌக்கர், தனியா இருந்த விவசாயி. அவரோட மந்திரப் புத்தகத்தை எடுக்கணும், இல்ல தலைமுடி ஒரு கத்தை எடுத்துப் புதைக்கணும்னு ரெண்டு சின்னப் பசங்களைக் கூட்டிட்டு நவம்பர் 27 ராத்திரி அவர் வீட்டுக்குப் போய், கடைசியில அந்த மனுஷனை அடிச்சே கொன்னுட்டாங்க. மூணு பேரும் ஜெயிலுக்குப் போனாங்க. நான் கர்ட்டனை இழுத்ததோட நின்னேன், அவ்வளவுதான் வித்தியாசம். உனக்கு இன்னார்தான் செஞ்சாங்கன்னு ஒரு ஆள் கை காட்டுனான்னா போனைக் கட் பண்ணிடுங்க, அது டைச்சா இருந்தாலும் சரி, நம்மூரு மலையாள மாந்திரீகமா இருந்தாலும் சரி.

900 போன அன்னைக்கு சாயங்காலம் என்னை ஒரு சாட் குரூப்ல சேத்தான், ஆன்மீக குடும்பமாம். உள்ள பாத்தா ரூன்ங்கற பழைய ஜெர்மானிய எழுத்து, கருப்பு சூரியன் படம், ரத்தம், பூர்வீகம், எங்க இனம்னு ஒரே பேச்சு. கருப்பு சூரியன்னா ஹிட்லரோட எஸ்எஸ் படை வெவெல்ஸ்பர்க் கோட்டைத் தரையில பதிச்ச சக்கரம் மாதிரி ஒரு சின்னம், நவ நாஜி கூட்டங்களுக்கு இன்னைக்கும் அது ஒரு அடையாளம். அன்னைக்கு அதெல்லாம் எனக்குத் தெரியாது, என் ப்ரொஃபைல் படத்தைப் பாத்து ஒருத்தன் இது உன் ரத்தத்துக்கு உண்டானது இல்ல, வெளிய போன்னு போட்டான், நாலு பேர் சிரிப்பு பொம்மை போட்டாங்க. என் கிட்ட காசு வாங்குனவன் வாயே திறக்கல. விலா எரிஞ்சதை விட அது எரிஞ்சுது. ஜெர்மானிய பழைய மதம்னு எங்கயாவது ஆர்வமா போறீங்கன்னா முதல்ல இதைப் பாத்துக்கோங்க, ரூன் இருக்கறதால மட்டும் கெட்டவங்க இல்ல, நெறைய நல்லவங்களும் போட்டிருப்பாங்க, ஆனா யார் வரலாம்னு அவங்க வெளிப்படையா என்ன எழுதி வச்சிருக்காங்கன்னு படிங்க. இன வெறுப்புக்கு எங்ககிட்ட இடமில்லன்னு பளிச்னு சொல்லலன்னா, சுத்தி வளைச்சு முன்னோர் மண் ரத்தம்னு பேசுனா, நம்ம தோலுக்கு அங்க வேலை இல்ல. ஊர்க்லாவே ஆளுங்க இதை வெளிப்படையாவே சொல்றவங்க. அந்த ஆளு அவங்க பேரை மட்டும் எடுத்து ஒட்டிக்கிட்டவன்.

கொப்புளம் வந்து பத்தாவது நாள் காலைல எந்திரிக்க முடியல. வாசப்படி வரைக்கும் வந்து அங்கயே உக்காந்துட்டேன், கார் ஓட்டுற தெம்பு இல்ல. பக்கத்து வீட்டு பெரியவர் புல் வெட்டிட்டு இருந்தாரு, மிஷினை அப்படியே நிறுத்திட்டு ஓடி வந்தாரு. எதுவும் கேக்கல, அவர் டிரக்ல ஏத்தி அர்ஜென்ட் கேருக்கு, அதான் அவசரத்துக்கு உடனே போய்ப் பாக்கற கிளினிக்குக்கு, கொண்டு போனாரு. ரெண்டு மணி நேரம் கூடவே உக்காந்திருந்தாரு. அந்த ரெண்டு மணி நேரமும் அவர் மூஞ்சியை நான் நிமிந்து பாக்கல.

டாக்டர் அம்மா பாத்த உடனே ஷிங்கிள்ஸ்னு சொன்னாங்க, நம்ம அக்கிதான், எத்தனை நாளாச்சுன்னாங்க. பத்துன்னேன். அவங்க முகம் மாறுனதுலயே தெரிஞ்சுது. சின்ன வயசுல சின்னம்மை (சிக்கன்பாக்ஸ்) வந்தவங்க உடம்புல அந்த வைரஸ் நரம்புக்குள்ள தூங்கிட்டே இருக்குமாம், வயசோ மன உளைச்சலோ எதிர்ப்பு சக்தி கொறைஞ்சா ஒரு நரம்பு வழியா வெளிய வரும், அதான் ஒரு பக்கம் மட்டும் பட்டையா வர்றது. வைரஸ் மாத்திரை இருக்கு, ஆனா கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்லா கேக்கும். எனக்கு இன்னும் புதுக் கொப்புளம் வந்துட்டே இருந்ததால பரவால்லன்னு வாலசைக்ளோவிர் ஏழு நாளைக்கு எழுதிக் குடுத்தாங்க, வலிக்கு காபாபென்டின். அர்ஜென்ட் கேர் 165, மாத்திரை கூப்பன் போட்டு 28. மொத்தம் 193 டாலர்ங்க! மூணாவது நாளே இதைச் செலவு பண்ணியிருந்தா போதும். இதைப் படிக்கறவங்க வேற எல்லாத்தையும் மறந்தாலும் இந்த 72 மணி நேரத்தை மறக்காதீங்க, அக்கி எழுதணும்னா எழுதிக்கோங்க, அம்மா மனசு நிம்மதியாகும், ஆனா மாத்திரை வாங்குன கையோட எழுதுங்க. கண்ணு, நெத்தி, மூக்குப் பக்கம் வந்துச்சுன்னா அன்னைக்கே ஓடணும், பார்வைக்கே ஆபத்து.

இன்சூரன்ஸ் விஷயத்துலயும் நான் பண்ணது முட்டாள்தனம். வேலை போனாலும் பழைய இன்சூரன்ஸை நம்ம காசுல தொடர விடற ஏற்பாட்டுக்கு கோப்ரான்னு பேரு, அந்த லெட்டர் வந்தப்ப குடும்பத்துக்கு மாசம் 2,100னு பாத்துட்டு தூக்கிப் போட்டுட்டேன். அதை எடுக்க 60 நாள் டைம் இருக்கு, எடுத்தா பழைய இன்சூரன்ஸ் நின்ன தேதியில இருந்தே செல்லும், ப்ரீமியம் மட்டும் சேத்துக் கட்டணும். அதாவது பெருசா ஏதாவது வந்தா பின்னாடி கூட எடுத்துக்கலாம். குடும்பத்துல ஒருத்தருக்கு மட்டுமும் எடுக்கலாம், எல்லாருக்கும் எடுக்கணும்னு இல்ல. இது தெரியாமத்தான் டாக்டர்னாலே ஆயிரக்கணக்குல பில் வரும்னு பயந்து ஒளிஞ்சேன்.

காசுக்கு அலைஞ்சதை சுருக்கமா சொல்லிடறேன். கார்டுல கட்டுன 60 டாலரை டிஸ்ப்யூட் பண்ணி வாங்கிட்டேன். ஸெல்லேல போன 1,630க்கு பேங்க்ல நீங்களே அனுப்பிச்சது, நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க, ரெண்டு தடவை அப்பீல் பண்ணியும் அதே பதில்தான். மோசடிப் புகார் வாங்கற அரசு அமைப்பு எஃப்டிசி சைட்ல புகார் பதிஞ்சேன், அதோட சரி. முன்ன பின்ன தெரியாத ஆள் கார்டு வேணாம்னு சொன்னா அங்கயே முடிச்சுக்கோங்க. மனைவிட்ட சொல்லத்தான் எனக்கு மூணு வாரம் ஆச்சு. திட்டுவான்னு நெனச்சேன், திட்டல, ரெண்டு நாள் பேசல. அப்பறம் ஒண்ணே ஒண்ணு கேட்டா, "அவன்கிட்ட நாப்பது நிமிஷம் பேசுன, எங்கிட்ட வலிக்குதுன்னு ஒரு வார்த்தை ஏன் சொல்லல?"ன்னு. எனக்கு இன்னும் பதில் தெரியல.

ஜூலை முதல் வாரம் குட்ஸ்டவுன்ல வருஷா வருஷம் நடக்கற டைச் நாட்டுப்புறத் திருவிழா, 1950ல இருந்து நடக்குது. வலியோடயே போனேன், கார்ல அந்தப் போர்டையும் போட்டுக்கிட்டு. யார் கிட்டயாவது இது நிஜமா இல்லையான்னு கேட்டே ஆகணும்னு ஒரு வெறி. அங்க கையால வரையற ஒரு அம்மா, அம்பது வயசிருக்கும், போர்டை வாங்கி ஓரத்தை நகத்தால சொரண்டிப் பாத்தாங்க. பெயின்ட் இல்ல, பிரின்ட் எடுத்து ஒட்டுன வினைல், டூரிஸ்ட் கடையில 40 டாலருக்கு கெடைக்கும்னாங்க. மஞ்சக் குருவி டிஸ்டல்ஃபிங்க், அதிர்ஷ்டத்துக்கு போடறது, அதுக்கும் வியாதிக்கும் சம்பந்தம் இல்ல. கொட்டகை நட்சத்திரத்துக்கு ஹெக்ஸ்ங்கற பேரு பரவுனதே 1924ல வெளியூர் எழுத்தாளர் ஒருத்தர் புத்தகத்துல எழுதுனதுக்கு அப்பறம்தானாம், இங்க பல குடும்பங்கள் அது சும்மா அழகுக்குத்தான்னு சொல்லுவாங்க, சில குடும்பங்கள் இல்ல காவலுக்குத்தான்னு சொல்லுவாங்க, சண்டை இன்னும் ஓயல. நான் முழுக் கதையையும் சொன்னேன். ஏழு தலைமுறையா அப்பா பையனுக்குன்னு சொன்னானான்னு கேட்டு சத்தமா சிரிச்சாங்க. ப்ரௌக்கெரை ஆம்பளைகிட்ட இருந்து பொம்பளைக்கு, பொம்பளைகிட்ட இருந்து ஆம்பளைக்குன்னு மாறி மாறித்தான் கத்துக் குடுக்கறது வழக்கமாம். அப்பன் மகனுக்கு நேரா குடுக்கறதா ஒருத்தன் பீத்திக்கிட்டா அங்கயே சந்தேகப்படணுமாம். இந்த ஊர்க்காரங்க யாராவது ஒருத்தர்ட்ட ஒரு தடவை பேசியிருந்தா என் கேஸ் முதல் நாளே முடிஞ்சிருக்கும்.

அந்த அம்மாவே ஊர்க்லாவே ஆளு. அவங்க சித்தி ஒருத்தங்க பெர்க்ஸ் கவுண்டியில இருக்காங்க, எம்பது தாண்டின பாட்டி, லூத்தரன், ஞாயித்துக்கிழமை சர்ச் தவறாது. அவங்க ப்ரௌக்கர். ஒரே குடும்பத்துல மகள் முறை பொண்ணு ஹோலேவைக் கும்பிடுறாங்க, சித்தி ஏசுவைக் கும்பிடுறாங்க, மந்திரிக்கற முறை மட்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஜூலை கடைசியில பாட்டி வீட்டுக்குப் போனேன். சமையக்கட்டுல உக்கார வச்சு முதல் கேள்வியே டாக்டர்ட்ட போனியான்னுதான். மாத்திரை டப்பாவைக் காமிச்சப்பறம்தான் ஆரம்பிச்சாங்க. ஞானஸ்நானப் பேரு கேப்பாங்களாம், எனக்கு அது இல்லையேன்னேன், சரி அம்மா வச்ச முழுப்பேரைச் சொல்லுன்னாங்க. கையைத் தோள்ல இருந்து கீழ வரைக்கும் படாம மூணு தடவை இறக்கி, டைச்ல ஏதோ முணுமுணுத்து, ஊதுனாங்க. அஞ்சு நிமிஷம் கூட இல்ல. எவ்வளவுன்னு கேட்டேன், அவங்களுக்கு கோவமே வந்துடுச்சு. விலை சொன்னா அது ப்ரௌக்கெரையே இல்ல, மனசுல தோணுனா ஏதாவது குடுக்கலாம், குடுக்கலன்னாலும் ஒண்ணும் இல்ல. இந்தியன் ஸ்டோர்ல வாங்கிட்டுப் போன மாம்பழப் பெட்டியை மட்டும் சந்தோஷமா வாங்கிக்கிட்டாங்க.

சரியாச்சான்னு கேப்பீங்க. சரியாகல. கொப்புளம் ஏற்கனவே காஞ்சாச்சு, நரம்பு வலி 2025 ஜனவரி வரைக்கும் இருந்துச்சு, காபாபென்டின் டோஸ் ஏத்தி இறக்கி தூக்கக் கலக்கத்துலயே புது வேலைல சேந்தேன். ஆனா பாட்டி வீட்டுல இருந்து வந்த அன்னைக்கு ராத்திரி ஆறு மணி நேரம் தூங்குனேன், ஒன்றரை மாசத்துல முதல் தடவை. மந்திரமா, யாரோ ஒரு பெரியவங்க அக்கறையா பாத்த ஆறுதலான்னு என்னால பிரிச்சு சொல்ல முடியல. மொத்தம் மூணு தடவை போனேன்.

2025 பிப்ரவரி 2ம் தேதி பக்ஸ் கவுண்டியில ஒரு பண்ணைக்கு ஊர்க்லாவே ஆளுங்க என்னையும் கூப்பிட்டாங்க. ஊரெல்லாம் பெருச்சாளி மாதிரி ஒரு பிராணி நிழலைப் பாத்துச்சா இல்லையான்னு டிவி பாக்கற நாள், இங்கிலீஷ்ல க்ரவுண்ட்ஹாக் டே, டைச்ல க்ரண்ட்ஸௌடாக். அந்த வருஷம் பாத்துடுச்சாம், இன்னும் ஆறு வாரம் குளிர்னு அர்த்தம். ஊர்க்லாவேல அன்னைக்கு புட்ஸெமான் கட்டுவாங்க. சோளக்கொல்லை பொம்மைதான், ஆனா வேற மாதிரி. போன வருஷம் அதே நிலத்துல வெளைஞ்ச சோளத்தட்டு, காஞ்ச செடி இதெல்லாம் வச்சு உடம்பு பண்ணி, துணி போட்டு, பேர் வச்சு, உசிர் குடுத்து, நிலத்தைச் சுத்திக் காமிச்சு இதுதான் நீ காக்கற எல்லைன்னு சொல்லுவாங்க. நம்மூர்ல கட்டடத்துக்கு திருஷ்டி பொம்மை கட்டுறோம்ல, அதுக்கு யாராவது பேர் வச்சுப் பாத்திருக்கோமா? எல்லாரும் ஏதாவது ஒரு பழைய துணி கொண்டு வாங்கன்னாங்க. நான் என்னை வேலைய விட்டு அனுப்புன கம்பெனியோட டி ஷர்ட்டைக் கொண்டு போனேன், அக்கி வந்தப்ப லூஸா இருக்குன்னு பத்து நாளும் அதைத்தான் போட்டிருந்தேன். ஏன் இதுன்னு கேட்டாங்க, சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சாங்க. மைனஸ்ல குளிரு, இருவது பேர் இருப்போம், யாரும் என்னை எங்க இருந்து வந்தன்னு கேக்கல, காபி வேணுமான்னுதான் கேட்டாங்க. நான் ஊர்க்லாவேல சேரல, எனக்கு எங்க குலசாமி போதும், அதையும் சொல்லிட்டேன், சரின்னுட்டாங்க. ஒரு பைசா யாரும் கேக்கல.

புட்ஸெமானை அக்டோபர் முடியறதுக்குள்ள எரிச்சுடணும். உசிரை மரியாதையா அனுப்பி வச்சுட்டு வெறும் கூட்டை எரிக்கணும், தேதி தாண்டி விட்டா காலியான கூட்டுல வேண்டாதது எதாவது குடியேறிடும்பாங்க. 2025 அக்டோபர்ல குடும்பத்தோட போனோம், பக்கத்து வீட்டு பெரியவரையும் கூட்டிட்டுப் போனேன். அவரும் டைச் குடும்பம்தான்னு வண்டியில போறப்பதான் சொன்னாரு, அவர் பாட்டியும் மந்திரிப்பாங்களாம். கர்ட்டன் விஷயத்தை அன்னைக்குத்தான் அவர்ட்ட சொன்னேன். அவர் ரோட்டைப் பாத்துட்டே, மோட்டார் சத்தம் உனக்குத் தொந்தரவா இருக்குன்னு நெனச்சேன், அதனாலதான் புல் வெட்டுறதை பத்து மணிக்கு மாத்துனேன்னாரு.